ராணிக்கு நான் கற்றுக்கொடுத்தது

முத்தையாபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. தெருநாய்களைக் காப்பாற்றும் குழுவில் சேர்ந்தபோதும், பேசாமல் செய்யக்கூடிய வேலையாகத்தான் கேட்டேன். லாரி மோதிக் கால் உடைந்த ராணி என்ற நாயை, நல்ல வீடு கிடைக்கும்வரை வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ராணி குரைத்த முதல் நாளே வீட்டுக்கார அக்கா வந்துவிட்டார். "ஏளா, இனி சத்தம் கேட்டுச்சு, நீயும் நாயும் வெளியதான்."

நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து அது வாயைத் திறந்தாலே "ச்சூ" என்று மூக்கில் தட்டுவேன். அடங்கினால் ஒரு கருவாட்டுத் துண்டு கொடுப்பேன். கொஞ்ச நாளில் ராணி குரைப்பதையே விட்டுவிட்டது.

"நாயும் உன்ன மாதிரியே வாய் செத்ததால்லா இருக்கு!" என்று அக்கா சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டுப் போட்டபோது, கால் தேறியிருந்த ராணி மிரண்டு ஓடியது. உப்பளக் கரையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் சத்தமே இல்லை. மறுநாள் அளத்துக் கிணற்றுக்குள் செத்துக் கிடந்தது. சுவரைப் பிறாண்டி நகமெல்லாம் தேய்ந்திருந்தது.

அதைத் தூக்கிக் கொடுத்த, கிணற்றில் மோட்டார் ஓட்டும் அண்ணாச்சி கேட்டார்: "நேத்து பூரா இங்கனதான் இருந்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தா எறங்கித் தூக்கிருப்பேனே. ஏம்மா, இது ஊமையா?"

"ஆமா" என்றேன். உண்மையைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது என்னிடம் வேறொரு குட்டி இருக்கிறது. நன்றாகக் குரைக்கிறது. அக்கா வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் திட்டும்போது இன்றும் தலைகுனிந்துதான் நிற்கிறேன். ஆனால் குட்டியை ஒருமுறைகூட "ச்சூ" என்று அடக்கவில்லை.