பாலத்தில் எழுந்து நின்றவர்கள்

கண்ணாடி உடையும் சத்தங்களை என் கம்ப்யூட்டரில் நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். கார் வீடியோவில் பாட்டு ஏறுகிற இடத்தில் ஒன்றை எடுத்துப் போடுவேன், பார்க்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். நிஜமாகவே ஒரு காரின் முன்கண்ணாடி உடைந்தபோது அப்படி எதுவும் கேட்கவில்லை. ஈரச் சாக்கைத் தரையில் அடித்த மாதிரி மொத்தையாக ஒன்று கேட்டது. இரண்டாவது அடிக்குத்தான் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

கீழே தச்சநல்லூர் ரோட்டோரம், முந்தின வாரம் நான் படம் எடுத்துக் கொடுத்த கறுப்பு ஜீப் நின்றது. அதன் பானெட்மேல் ஒருவன் ஏறி நின்று கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தான். நல்ல மத்தியான வெயில். ஜீப்புக்குச் சொந்தக்காரர் மண்ணில் குந்தி, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் லாரி ஓட்டிச் சம்பாதித்து வாங்கிய வண்டி அது. அவரை வீட்டு வாசலில் வைத்துப் பிடித்து, அவரையே ஓட்டவைத்து, அதே ஜீப்பில்தான் என் அறையைத் தேடி வந்திருந்தார்கள். வந்து இறங்கியதும் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். கீழே இருந்த டயர் கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மாடிப்படியில் காலடிகள்.

ஏன் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். காலையிலேயே அந்த வீடியோவைப் பார்த்திருந்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா வாழைத்தார் சுமப்பவர். எழுத்துக்கூட்டி வாசிக்க அவருக்குத் தெரியாது. என் வீடியோக்களின் மூலையில் ஓடுகிற என் பெயரை மட்டும் ஒரு படம்போல அடையாளம் வைத்திருந்தார். டீக்கடையில் யார் போனிலாவது கார் வீடியோ ஓடினால் விரலை வைத்து, “இந்தா கெடக்கு பாரு, எம் பையன் பேரு” என்பார். அந்தப் பெயரை வைத்துத்தான் ஜீப்பில் வந்தவர்களும் என்னைக் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் ஊருக்கும் வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கிற ஊருக்கும் ஒரே பஸ், ஒரே ரேஷன் கடை. சாதி வேறு. யார் முன்னால் யார் எழுந்து நிற்பது, யாரைக் கண்டு யார் இடுப்பில் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுவது என்பதற்காக இரண்டு பக்கமும் தலை விழுந்திருக்கிறது. இது தெரியாமல் எங்கள் பக்கத்தில் யாரும் வளர்வதில்லை.

ஜீப்பைப் படம் எடுக்கப் போன அன்று, வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் மேகம் விலகக் காத்திருந்தோம். நான், சொந்தக்காரர், ரிப்ளெக்டர் பிடிக்க வந்திருந்த என் நண்பன். நண்பன் எங்கள் தெருக்காரன். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு; என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் அவனும் எடிட் செய்வான். சும்மா நிற்கிற நேரத்தில் லென்ஸைச் சோதித்துப் பார்ப்போம் என்று எதிரே பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த அக்கரை ஆட்களைத் தூரத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர்கள் பக்கமிருந்து ஒரு சவ ஊர்வலம் வந்தது. சுவரில் இருந்தவர்கள் எழுந்தார்கள். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்தார்கள், சாரத்தை இறக்கிவிட்டார்கள். பாடை கடந்து போகிற திசையில் அவர்கள் கண்கள் இடமிருந்து வலமாகப் போயின. பாடையை எடுக்க எனக்கு மனசில்லை. முகங்களோடு நிறுத்திக்கொண்டேன். அந்தத் துண்டு என் கம்ப்யூட்டரில் கிடந்தது. ஜீப் வீடியோவில் அது இல்லை.

காலையில் நான் பார்த்த வீடியோவில் இருந்தது. என் வீடியோவை யாரோ இறக்கி, பாட்டை மாற்றி, எங்கள் சாதிப் பாட்டைப் போட்டிருந்தார்கள். ஜீப் பாலத்தருகே இடமிருந்து வலமாகத் திரும்புகிறது. வெட்டு. அக்கரை ஆட்கள் எழுகிறார்கள், துண்டை எடுக்கிறார்கள், சாரத்தை இறக்குகிறார்கள், கண்கள் இடமிருந்து வலமாகப் போகின்றன. வெட்டு. ஜீப்பின் பின்பக்கம், புழுதி. பார்க்கிற எவனும் அவர்கள் ஜீப்பைக் கண்டு எழுந்ததாகத்தான் நினைப்பான். எனக்கே ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது.

வெட்டியது யார் என்பதும் அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. எடிட் செய்கிறவனுக்கும் கையெழுத்து உண்டு. பாட்டின் ஒவ்வொரு தாள அடிக்கும் ஒரு வெள்ளை மின்னல், பச்சை தட்டிப்போன வானம், கடைசி ஷாட்டுக்கு முன்னால் பாட்டை நிறுத்தி ஒரு இருட்டு. இந்த இருட்டுக்காக நண்பனை எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். “கரண்டு போயிருச்சாலே?” என்று கேட்பேன். அவனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான்.

கதவைத் திறந்து முதலில் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். மொட்டையடித்த தலையில் முடி இப்போதுதான் குத்துக்குத்தாக முளைத்திருந்தது. அவருக்குப் பின்னால் இரண்டு இளவட்டங்கள். ஒருவன் கையில் சாக்கு சுற்றிய அரிவாள். அவன் வந்த வேகத்தில் என் காதோடு சேர்த்து அறைந்தான். நாற்காலியோடு விழுந்தேன்.

“ஏலே, எங்காளு ஒன் வண்டிக்கு எந்திச்சு நிப்பானோ? எந்திச்சு நிப்பானோலே?” ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மிதி.

“பொறுலே,” என்றார் முதலில் வந்த பெரியவர். “நீ, எந்திரி. இது ஒன் பேருதானே?”

“பேரு என்னுதுதான் அண்ணாச்சி. நான் வெட்டல.”

“பேரு இவனுதாம். வேல மட்டும் வேற எவனோ வேலயாம். சிரிக்கவா செய்யுத?” என்றான் அரிவாள் வைத்திருந்தவன்.

சிரிக்கவில்லை. உதடு கிழிந்ததில் வாய் அப்படி இழுத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் அந்த வீடியோவை ஓட்டி, அந்த இடத்தில் நிறுத்தினேன். “இங்க பாருங்க. ஜீப்பு வரும்போது மூலையில எம் பேரு இருக்கு. ஒங்க ஆளுக எந்திக்கும்போது இருக்கா? இல்ல. பொறவு ஜீப்பு வரும்போது திரும்ப வருது. எம் வீடியோவுக்கு நடுவுல இத யாரோ சொருகியிருக்கான்.”

பெரியவர் திரையருகே குனிந்தார். பேர் மறைவதையும் வருவதையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அது அவருக்குப் புரிந்தது.

“சரி. எந்திச்சு நிக்கிறத எடுத்தது யாரு?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “நான்தான்.”

“அன்னைக்கு யாரு போறதுக்கு அவுக எந்திச்சாகன்னு தெரியுமா ஒனக்கு?”

அப்போதுதான் அவருடைய மொட்டைத் தலையைச் சரியாகப் பார்த்தேன்.

“எங்க அய்யாலே,” என்றார். “எங்க அய்யாவுக்குலே எந்திச்சாக.”

முழுதாகப் போடச் சொன்னார். போட்டேன். வெட்டப்படாத அந்தத் துண்டு நீளமானது. கீழே கடப்பாரை சத்தம் நின்றிருந்தது. ஜீப்காரர் அழுவது மட்டும் கேட்டது. கடைசி முகம் வரைக்கும் பார்த்தார். பிறகு என் கேமரா முக்காலியை எடுத்து அதன் கால்களை மடக்கினார்.

“இத யாருகிட்ட குடுத்த?”

“யாருக்கும் குடுக்கல அண்ணாச்சி.”

“பறந்தா போச்சு?”

“தெரியல.”

இளவட்டங்கள் என் வலது கையைப் பிடித்து மேசையில் விரித்து வைத்தார்கள். முதல் அடி கீபோர்டில் விழுந்து எழுத்துகள் தெறித்தன. இரண்டாவது விரல்களில். வலி உடனே வரவில்லை. விரல் இருக்க வேண்டிய திசையில் இல்லை என்பதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு வந்தது. மாட்டைப்போல் கத்தினேன்.

“சொல்லிருலே தம்பி!” என்று கீழேயிருந்து ஜீப்காரர் அலறினார். “யாருன்னு சொல்லிரு, ஒன்னயக் கொன்னுருவானுவ!”

நண்பன் பெயர் நாக்கின் நுனியில்தான் இருந்தது. சொல்லாமல் இருந்ததற்குப் பெரிய மனசு காரணமில்லை. அந்த அறையில் எனக்கு இருந்ததெல்லாம் பயம்தான். என்னை அடிக்க முக்காலி போதும். அவனுக்கு அரிவாளில் சுற்றிய சாக்கைப் பிரிப்பார்கள். அவனை வெட்டினால் எங்கள் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். திருப்பி வெட்டுவார்கள். அப்பா தினமும் அக்கரைத் தோட்டத்துக்கு, அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் தார் சுமக்கப் போகிறார். இதெல்லாம் இப்படி வரிசையாக அப்போது ஓடவில்லை. அந்தப் பாலத்தின்மேல் தாரோடு நடக்கிற அப்பாதான் மனசில் ஓடினார்.

“தெரியாது,” என்றேன். மூன்றாவது அடிக்குப் பிறகும் அதையே சொன்னேன்.

பெரியவர் முக்காலியைக் கீழே போட்டார். “எனக்குத் தெரிய வரும்,” என்றார். “பைய வரட்டும். வந்த அன்னைக்கு அவனுக்குக் கையி இருக்காது.” போகிற போக்கில் அரிவாள் வைத்திருந்தவன் திரையை அரிவாளின் பின்புறத்தால் உடைத்தான். அதுவும் மொத்தையாகத்தான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் விழுந்தேன் என்றேன். ஜீப்காரர் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்றார். போலீசுக்குப் போக அவருக்கும் பயம். இரண்டு விரல்களில் கம்பி வைத்தார்கள். அதற்குள் அந்த வீடியோ காணாமல் போயிருந்தது. போட்டவன் எடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நண்பன் வீட்டுக்குப் போனேன். சத்தம் போட்டுப் பேச வேண்டும், இனி என் அறைப் பக்கம் வராதே என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நினைத்திருந்தேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா எனக்கும் தட்டு எடுத்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்து, “ஐயோ, என்னய்யா ஆச்சு?” என்றாள். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே திரும்பியதும் அவன் குரலைத் தணித்துக் கேட்டான்:

“எம் பேரச் சொல்லிட்டியாலே?”

முதல் கேள்வி அது. கையைப் பற்றிக் கேட்கவில்லை.

இடது கையால் அடித்தேன். தட்டு உருண்டது, சோறு சுவரெல்லாம் தெறித்தது. சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு முழங்காலால் நெஞ்சில் ஏறி அடித்தேன். என்னை மிதித்தவன் எப்படி மிதித்தானோ அப்படியே அடித்தேன், ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று. ஆனால் கேள்வி எதுவும் என் வாயிலிருந்து வரவில்லை. அவன் தடுக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் காதுப்பக்கமாக ஓடியது.

“ஏ பாவி! சோறு தின்னுகிட்டிருந்த புள்ளையப் போட்டு அடிக்கியே! என்னலே செஞ்சான் அவன்?” அம்மா விளக்குமாற்றை எடுத்து வந்து என் முதுகில் விளாசினாள். “சொல்லுலே! என்ன செஞ்சான்?”

கீழே கிடந்தவன் என்னைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான். வாசலில் அதற்குள் தெரு கூடியிருந்தது. அதில் ஒருத்தி அக்கரைத் தோட்டத்தில் களை எடுக்கப் போகிறவள்; இங்கே கேட்பது அவள் வாயோடு பாலம் தாண்டிவிடும்.

“ஒண்ணுமில்ல அத்தை,” என்றேன்.

“ஒண்ணுமில்லாததுக்கா இந்த ரத்தம்?”

அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். கம்பி வைத்த கையை நெஞ்சோடு ஒடுக்கிக்கொண்டு, அவள் கை ஓய்கிற வரைக்கும் நின்றேன்.