ஊதலக்காவும் படகுத்துறை ஏணியும்

இரும்புக்குத் துத்தநாகம் பூசுகிற அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் ஊதலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் குழாய் வந்தாலும் ஒரு முனையில் வாயை வைத்து ஊதி, மறுமுனையில் இன்னொருவரைக் கை பிடிக்கச் சொல்லி, காற்று வருகிறது என்று தெரிந்த பிறகுதான் கம்பியில் கட்டித் தொங்கவிடுவாள். அடைபட்ட குழாய் உருகிய துத்தநாகத்துக்குள் இறங்கினால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும் ஈரமும் வெடித்துக் கிளம்பும். நிற்கிறவர் முகம் தப்பாது. பதினோரு வருஷத்தில் அவள் கட்டிய குழாய் ஒன்றுகூட வெடித்ததில்லை. யாராவது மெச்சினால், "மூச்சு மேல இருக்கறவன் குடுத்தது, ஊதறது மட்டும்தான் நான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. துத்தநாகத் தொட்டிக்குள் இறங்கப் போவது படகுத்துறைக்காகக் குழாய்களை இணைத்துச் செய்த புது ஏணி. அந்தத் துறையில் கயிறு பிடித்துப் படகு கட்டுகிறவர் அவளுடைய வீட்டுக்காரர். பழைய ஏணிக்கு வெறும் பெயிண்ட்தான் அடித்திருந்தார்கள். வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது. எங்கேயோ ஒரு கீறல் வழியாக உப்புத் தண்ணீர் நுழைந்து, பெயிண்டுக்கு அடியிலேயே துரு ஊர்ந்து போயிருக்கிறது. ஒருநாள் அவர் கால் வைத்த படி முறிந்தது. மனிதர் முழங்கால் வீங்கி மூன்று வாரம் படுத்தார். எழுந்த பிறகும் விடிவு இல்லை. ஏணி இல்லாத துறையில் படகிலிருந்து வருகிறவர்களைக் கை கொடுத்துத் தூக்கிவிடுவது அவர் வேலையாகிவிட்டது. ராத்திரி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலிக்கிறது என்று வாய் திறக்க மாட்டார்.

அதனால்தான் அந்த ஏணி அன்றைக்கே முடிய வேண்டும். இன்னொரு காரணமும் இருந்தது. துத்தநாகத் தொட்டியின் சுவர் தேய்ந்து மெலிந்துவிட்டது. மாலை நாலு மணிக்கு உருகியதையெல்லாம் இறைத்தெடுத்துவிடுவார்கள். புதுத் தொட்டி வர ஒன்றரை மாதம்.

ஏணி ஆசிட் தொட்டியில் குளித்தது, தண்ணீரில் அலம்பிக்கொண்டது, துத்தநாகம் ஒட்டுவதற்கான உப்புக் கரைசலில் முங்கிக் காய்ந்தது. கிரேன்காரர் தூக்கினார். தொட்டியின் மேலே பாலாடை மாதிரிப் படிந்திருந்த சாம்பலை மேஸ்திரி நீளக் கரண்டியால் வழித்து ஒதுக்கினார். அடியில் கண்ணாடி மாதிரி துத்தநாகம். ஊதலக்கா கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டாள். ஏணி 'உஸ்ஸ்' என்று இறங்கியது. தொட்டி குமுறியது, பிறகு அடங்கியது. ஏறி வந்தபோது புது வெள்ளிக் குடம் மாதிரி மின்னியது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று அவள் கையைத் தட்டினாள்.

"கொஞ்சம் இருங்கக்கா" என்றார் மேஸ்திரி. "இங்க யாரோ கடிதாசி எழுதியிருக்காங்க."

ஏணியின் பக்கவாட்டுச் சட்டத்தில், உள்பக்கம், வெள்ளிக்கு நடுவே கன்னங்கரேலென்று இரண்டே எழுத்து: மேல்.

அந்தக் கோணல் கையெழுத்தோடு பத்தொன்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள். முந்தின நாள் அளவு சரிபார்க்க ஏணியைத் துறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போன் போட்டாள்.

"என்னங்க, ஏணில ஏதாவது எழுதுனீங்களா?"

"ஆமா! தலைகீழா மாட்டிடப் போறாங்கன்னு மேல்னு எழுதினேன். படகுக்கு அடிச்சது போக மிச்சம் கொஞ்சம் பழுப்பு பெயிண்ட் இருந்துச்சு. நல்ல பெயிண்ட், லேசுல போகாது."

"போகலங்க. ஆசிட்டுக்கே போகல!"

பெயிண்ட் இருக்கிற இடத்தில் ஆசிட் இரும்பைத் தொடாது. ஆசிட் தொடாத இரும்பில் துத்தநாகம் ஒட்டாது. துருப்பிடித்த இரும்பின் நிறத்தில், அதுவும் உள்பக்கம் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை; துத்தநாகச் சூட்டில் கருகிய பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு குழாயையும் ஊதிப் பார்த்தவள் சட்டத்தின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அந்தக் குறை அவளுடையதுதான்.

"உங்க வீட்டுக்காரர் கையெழுத்து துத்தநாகத்துக்கே பிடிக்கல" என்றார் கிரேன்காரர் மேலிருந்து.

"எனக்குப் பிடிக்குது, நீங்க கிரேனைப் பாருங்க!"

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றேகால். "அது மேல துத்தநாகத் தூள் கலந்த ஜிங்க் பெயிண்ட் தடவி அனுப்பிடலாம்கா."

"சின்னக் கீறல்னா சுத்தியிருக்கற ஜிங்க் பாத்துக்கும், நானும் விட்டுடுவேன். இது என் கை அகலம் இருக்கு மேஸ்திரி. அதுவும் அலை அடிக்கற இடம். அவரு கால் வைக்கற ஏணி."

"கிரைண்டர் எங்கடா?" என்று மேஸ்திரி கத்தினார்.

அப்புறம் பட்டறையே பறந்தது. தீப்பொறி தெறிக்க எழுத்தைத் தேய்த்தெடுத்தார்கள். பூச்சைக் கரைக்கவென்று வைத்திருந்த பழைய ஆசிட் தொட்டியில் ஏணியை இறக்கியதும், பூசிய துத்தநாகம் சோடா மாதிரிப் பொங்கிக் கரைந்தது. இரண்டரை ஆனது. மறுபடி அலசல், மறுபடி உப்புக் கரைசல். ஈரம் உலர வேண்டுமே! ஊதலக்கா ஏணியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்; இந்தத் தடவை ஊதியதோடு நிற்காமல் ஓர் அங்குலம் விடாமல் திருப்பிப் பார்த்தாள். மூன்றரைக்குத் துத்தநாகம் இறைக்கிற ஆட்கள் குழாயோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"உள்ள வராதீங்க! எங்க வீட்டு ஏணி குளிச்சிட்டிருக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர்கள் நிஜமாகவே இரண்டடி பின்வாங்கினார்கள்.

மூன்று ஐம்பதுக்கு ஏணி இறங்கியது. குமுறல் அடங்கியது. மேஸ்திரி மேலே படிந்த சாம்பல் ஏட்டை வழித்தார். மெல்ல, மெல்ல ஏறி வந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளி. ஒரு புள்ளிக் கறுப்பு இல்லை. கிரேன்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். ஊதலக்கா கையெடுத்துக் கும்பிட்டபடி அழுதுகொண்டே சிரித்தாள்.

இரண்டு நாளில் துறையில் மாட்டினார்கள். வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் எம்பி எம்பிப் பார்த்தார். ஏணி அசையவில்லை. படகில் வந்தவர்கள் யார் கையும் பிடிக்காமல் தாங்களாகவே ஏறினார்கள். அவர் முதல்முறையாகச் சும்மா நின்று வேடிக்கை பார்த்தார்.

அன்று சாயங்காலமே ஒரு படகின் சங்கிலி உரசி, மூன்றாம் படியில் நீளமாய் ஒரு கீறல். அவர் பதறிப்போய் அவளுக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்ததும், "போச்சு! இரும்பு தெரியுது பாரு!"

அவள் குனிந்து பார்த்தாள். நூல் அகலம்தான் இருந்தது.

"ஒண்ணும் ஆகாதுங்க. உப்புத் தண்ணி முதல்ல இரும்பைத் தின்னாது, பக்கத்துல இருக்கற ஜிங்க்கைத்தான் தின்னும். தன்னைக் குடுத்து இரும்பைக் காப்பாத்தும். அது தீர்ற வரைக்கும் இரும்புக்குக் கவலையில்ல."

"அது எப்படி, கேட்காமலே குடுக்குது?"

"ஆண்டவன் அதை அப்படிப் படைச்சிருக்கான்."

நாலு மாதம் கழித்து அவளே வந்து அந்தக் கீறலில் விரலைத் தேய்த்துப் பார்த்தாள். விரலில் சாம்பல் நிறப் பொடிதான் ஒட்டியது, சிவப்புத் துரு இல்லை. அவர் முழங்காலைத் தேய்ப்பதும் நின்றுபோயிருந்தது.

"இனிமே எதையாவது எழுதணும்னா தகரச் சீட்டுல எழுதிக் கம்பில கட்டுங்க. பெயிண்ட் டப்பாவைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்றாள்.

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கப் போனாள். மூடியில் கம்பி போட்டு ஒரு தகரச் சீட்டு கட்டியிருந்தது. அதே கோணல் எழுத்து: மேல்.

மேஸ்திரியும் கிரேன்காரரும் எட்டிப் பார்ப்பதற்குள் அதை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டாள்.