எட்டாம் வாய்ப்பாட்டின் ஒன்பதாம் வரி

சிமென்ட் தரையில் சாக்பீஸ் கிறீச்சென்று உரசும் சத்தம் கேட்டால் இன்றும் எனக்குப் பல் கூசும். கூடவே ஒரு பெருமிதமும் வரும். வேலம்பாளையத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றான எங்கள் "லைன் ஊட்டில்" ஒருநாள் அந்தச் சத்தத்தை எழுப்பியவர் என் பெரியப்பா. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான அவருக்கு எட்டு என்றாலே ஆகாது. அது சனியின் எண் என்பார். வண்டி நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் ஏற மாட்டார். அவருடைய கம்பெனியில் தையல் மெஷின்களுக்குக்கூட ஏழு, "ஏழு ஏ", ஒன்பது என்றுதான் நம்பர் போட்டிருந்தார்கள். நானோ பிறந்ததே எட்டாம் தேதி.

நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடையில், என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தைத்த பனியனில் குறை பார்க்கும் "செக்கிங்" வேலைக்கு அனுப்பச் சொல்லி வந்து உட்கார்ந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஓவர்லாக் டெய்லரான அப்பாவோ அண்ணன் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை.

"எட்டாம் தேதிக்காரிக்குப் படிப்பு போகப் போகத் தேயும் தம்பி. நீயே பாரு" என்று சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கம்பெனியில் பழகிய கணக்கை வைத்துத் தரையில் எட்டாம் வாய்ப்பாட்டை எழுதினார். எட்டு. அடுத்தது பதினாறு, ஒன்றையும் ஆறையும் கூட்டினால் ஏழு. இருபத்துநான்கு, ஆறு. முப்பத்திரண்டு, ஐந்து. நாற்பது, நான்கு. நாற்பத்தெட்டைக் கூட்டினால் பன்னிரண்டு, அதையும் கூட்டினால் மூன்று. இப்படியே ஐம்பத்தாறு இரண்டாகி, அறுபத்துநான்கு ஒன்றாகிப் போனது. "பாத்தியா? ஒண்ணுமில்லாமப் போகுது!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான், பெரியப்பா கீழே வைத்த சாக்பீஸை எடுத்து அடுத்த வரியை எழுதினேன். எழுபத்திரண்டு. ஏழும் இரண்டும் ஒன்பது.

"கூடிப்போச்சுங்க பெரியப்பா!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏனுங் மாமா, புள்ளையத்தான் எட்டோட நிறுத்தறீங்கன்னு பாத்தா, வாய்ப்பாட்டையும் எட்டோட நிறுத்தீட்டீங்களே!"

அப்பா தரையையே பார்த்திருந்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணனை மறுத்துப் பேசினார். "ஒம்பதுக்குப் போனாத்தான் கூடும்னு உங்க கணக்கே சொல்லுதுங்ணா. புள்ள ஒம்பதாவது போகட்டுங்."

எட்டின் கூட்டுத்தொகை அப்படித் தேய்ந்து பிறகு கூடியதற்குக் காரணம் சனியும் இல்லை, என் ராசியும் இல்லை என்பது பிறகு கல்லூரியில் கணிதம் படித்தபோது விளங்கியது. எட்டு, ஒன்பதைவிட ஒன்று குறைவு. அதனால் ஒவ்வொரு எட்டைச் சேர்க்கும்போதும் அந்தக் கூட்டுத்தொகை ஒவ்வொன்றாக இறங்கி, ஒன்றைத் தொட்டதும் ஒன்பதுக்கு ஏறி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இரண்டை மூன்று முறை பெருக்கினால் வருகிற, துணியை மூன்று தடவை பாதி பாதியாக மடித்தால் வருகிற, திசைகளுக்கெல்லாம் கணக்காக நிற்கிற அந்த நல்ல எண்ணை ஏன்தான் இப்படி வைதார்களோ!

இப்போது நான் கணக்கு டீச்சர். லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். "பொட்டப்புள்ளைக்கு எட்டாவது போதும்" என்கிற பேச்சும் எங்கள் சொந்தத்தில் இப்போது யார் வாயிலும் வருவதில்லை. போன வாரம் பெரியப்பா தன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"டீச்சர் கண்ணு, இவளுக்குக் கணக்குனா உசுரு. காலேஜ் வரைக்கும் நீதான் பாத்துக்கோணும்."

உள்ளே வரச் சொன்னேன்.