திருத்துவதற்கு ஒரு படம்

என் வீட்டுக்காரர் ஓவியர். மதுரையில் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் பிரின்ஸ்பால் சார்தான். ஓவியர் என்று சொல்லித் திரிந்தது நான் ஒருத்திதான். கல்யாணமான புதிதில் எங்கள் கோச்சடை வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கே பார்த்தாலும் வைகையில் படுத்துக்கிடக்கிற எருமைகள், ஈர வண்ணத்தோடு சுவரில் சாய்ந்து நிற்கும்.

பிறகு ஆனையூருக்கு அப்பால் இருந்த கைவினைப் பள்ளிக்கு அவரைத் தலைவராக்கினார்கள். மண் வேலை, மர வேலை, பாய் முடைவது எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தாலும் ஓவிய வகுப்பை மட்டும் அவரே எடுத்தார். பிள்ளைகள் படத்தில் அவர் தூரிகை வைத்ததே இல்லை. கையில் ஒரு கரிக்குச்சி இருக்கும். தப்பான இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். வீட்டில் எருமைகள் பழசாகிக்கொண்டே வந்தன. கேட்டால், “ரிட்டயர் ஆயிக்கிறேன், அப்புறம் பாரு” என்பார். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

ஓய்வு பெற்று வந்தார். போர்த்திய பொன்னாடைகளை நான் தலையணை உறையாகத் தைத்துக்கொண்டேன். மாடி அறையில் வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதன் முன்னால் நின்றார். சாப்பிட மட்டும் இறங்கி வருவார். வாரக்கணக்கில் இப்படியே போனது. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “வெறுந்துணியப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. யாராச்சும் தப்பா வரைஞ்சு வச்சாத்தான் சரி எதுன்னு தெரியுது.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “இம்புட்டு வருசமா அடுத்த பிள்ளைக தப்பையே பாத்தா வேற என்ன தோணும்?” என்று கத்திவிட்டு மாடிக்குப் போய், கரிக்குச்சியை எடுத்து ஒரு தாளில் ஆடு ஒன்றைக் கிறுக்கினேன். பின்னாலேயே வந்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆடா இது? எழுமலையில ஆட்டோட ஆடா வளந்தவதான நீ? பின்னங்கால் இப்பிடியா மடங்கும்?” என்று வட்டம் போட்டார்.

நாளைக்கே தூரிகையை எடுத்துவிடுவார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் தினமும் எதையாவது வரைந்தேன். அவர் வட்டம் போட்டார். தூரிகையைத் தொடவே இல்லை. கொடுமை என்னவென்றால், எனக்கு வரைய வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி என் முருங்கை மரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வட்டங்கள் குறையக் குறைய அவரும் சுருங்கிப்போனார். அதற்குப் பயந்து நான் வேண்டுமென்றே தப்பாக வரைய ஆரம்பித்தேன். வெயில் அடிக்கிற பக்கத்திலேயே குடத்தின் நிழலைப் போடுவேன். “இன்னும் உனக்கு வெளங்கலையா?” என்று சந்தோஷமாகத் திட்டுவார். படியிறங்கும்போது எனக்கு அழுகை முட்டும். ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்திய மனிதரிடம் நான் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோலப் பாசாங்கு செய்துகொண்டிருந்தேன்.

போன ஆடியில் அவரையே வரைந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறார். இரண்டு கட்டைவிரலையும் வெளிப்பக்கமாகப் போட்டேன். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடப் பார்த்துச் சிரிக்கும். தாளை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் கரிக்குச்சியை நீட்டிக்கொண்டே நின்றேன்.

“எல்லாம் சரியாத்தான இருக்கு?” என்றார்.

“நல்லாப் பாருங்க.”

மறுபடியும் பார்த்தார். தன் கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “சரியாத்தான் இருக்கு. இனிமே உனக்கு நான் எதுக்கு?” என்று தாளை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அவர் இனி வரையமாட்டார் என்பது எனக்கு எப்போதோ பழகிவிட்டது. தப்பைக் கண்டுபிடிக்கிற அவர் கண்ணும் போய்விடும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.