கதவோரத்துத் தனி இருக்கை

சென்ற ஆண்டு, பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. சேலத்தில் தமிழ் இலக்கியம் முதுகலை படிக்கும் எங்கள் வகுப்பு, வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு ஏற்காட்டைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தது. நான் தூத்துக்குடியிலிருந்து வந்து தாமதமாகச் சேர்ந்தவள். அதிகம் பேசும் பழக்கமும் இல்லை. எல்லோரும் இருவர் இருவராக அமர்ந்த பிறகு, கதவோரத்தில் மிஞ்சிய ஒற்றை இருக்கை எனக்கு வந்தது.

ஒவ்வோர் இடத்திலும் புறப்படும் முன் வகுப்புத் தலைவி படியில் நின்று, "பக்கத்து சீட்டு வந்தாச்சா?" என்று கேட்பாள். "வந்தாச்சு" என்று வேன் முழுவதும் குரல் கொடுக்கும். தலைகளை எண்ண வேண்டியதில்லை; அவரவர் பக்கத்தில் இருப்பவரை அவரவர் பார்த்துக்கொண்டால் போதும். நல்ல ஏற்பாடு என்றே நானும் நினைத்தேன்.

சேர்வராயன் கோயிலில் குகைக்குள் குனிந்து சென்று கும்பிட்டு வந்ததும், மற்றவர்கள் புகைப்படம் எடுத்துக்கொள்ளக் கலைந்தார்கள். நான் மலை விளிம்புக்குப் போனேன். கீழே பள்ளத்தாக்கை மூடிய பனியில் குன்றுகளின் உச்சிகள் மட்டும், துறைமுகத்துக்கு வெளியே முறைக்காகக் காத்து நிற்கும் கப்பல்களைப் போலத் தெரிந்தன. ஊருக்கு உறவினர் வந்தால், துறைமுகம் காட்ட அழைத்துப் போவது என் பொறுப்பு. இங்கே இதைக் காட்டுவதற்கு எனக்கு ஒருவரும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, திரும்பி வந்தபோது வேன் நின்ற இடத்தில் டயர்த் தடம் மட்டும் இருந்தது.

போனும் பணமும் வைத்திருந்த என் கைப்பை வேனில் இருந்தது. அடுத்து ஏரி, படகுச் சவாரி முடிந்ததும் நேரே சேலத்துக்கு இறங்கிவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேராவிட்டால், தெரிந்தவர் ஒருவரும் இல்லாத மலையில் எனக்கு இருட்டிவிடும். பயத்தைவிட இன்னொன்று உறைத்தது. அவர்கள் என்னைத் தேடி வர வேண்டுமானால், நான் இல்லை என்பது முதலில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்து மலைக்கிராமமான செம்மநத்தத்திலிருந்து கோயிலுக்கு வந்திருந்த பெண் ஒருவர், தேங்காய் மூடியைத் துணியில் முடிந்தபடி என்னைப் பார்த்தார்.

"ஏனுங் கண்ணு, ஆரைத் தேடறீங்க?"

சொன்னேன்.

"உட்டுப்போட்டே போயிட்டாங்களா? நல்ல கூட்டாளிங்க போங்க. எங்க ஊட்டுல ஒரு ஆட்டுக்குட்டி கொறஞ்சாலும் எனக்குச் சோறு எறங்காது."

அவர் வந்த ஜீப் காப்பி மூட்டைகளோடு, ஏரிக்குப் பக்கத்திலுள்ள ஒண்டிக்கடைக்குப் புறப்பட நின்றது. இடமில்லை என்றார் டிரைவர்.

"என்ற எடத்துல பாதி குடுக்கறேன். நீ வண்டிய எடு சாமி."

மூட்டைகளின் மேல் நெருக்கி உட்கார்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி போறதுகூடத் தெரியாம அப்படி என்னத்தப் பாத்தீங்க?"

"பனிதாங்க. எங்க ஊர்க் கடல் மாதிரி இருந்தது."

"கடல் அப்படித்தான் இருக்குமுங்களா? அப்ப நான் தெனமும் கடல் பாக்கறேன்" என்று சிரித்தார்.

ஏரிக்கரையில் எங்கள் வேன் உறுமிக்கொண்டிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கி ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்தார். நான் படியில் கால் வைத்தபோது, தலைவியின் கேள்வியும் பதிலும் முடிந்திருந்தன. "நீ போட்டிங் வரலையா?" என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். நான் மலைமேல் விடுபட்டது அவர்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. என் இருக்கையில் என் கைப்பை வைத்தபடியே இருந்தது.

கீழே நின்றவர் தலைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்குப் பக்கத்துல ஆருங்க?"

"அது தனி சீட்டுங்க."

"அப்ப அதுக்கு நான் சொல்றேன். வந்தாச்சுங்க."

வண்டி நகர்ந்தபோது, அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அவர் தேங்காய் முடிச்சை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

இப்போதும் எந்தப் பயணத்திலும் வண்டி புறப்படும் முன் என் கண் கதவோரத்துத் தனி இருக்கைக்குத்தான் முதலில் போகிறது. அங்கே இருக்க வேண்டியவர் வந்து உட்கார்ந்த பிறகே, "வந்தாச்சு" என்று சொல்ல எனக்குக் குரல் எழுகிறது.