பத்தில் நின்ற திருகு

ஸ்பீக்கர் செத்துவிட்டது என்ற முடிவுக்கு நிரோஷன் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அவன் எதையும் ஒரே நாளில் முடிவு கட்டுகிறவனும் அல்ல. இரண்டு வருஷமாகக் கவனித்துக்கொண்டே வந்தான். அவனுடைய கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பில், அந்தச் சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் திருகு முன்பெல்லாம் ஐந்தில் நிற்கும். பிறகு ஏழுக்குப் போனது. தீபாவளிக்கு ஒன்பது. மாசி பிறப்பதற்குள் பத்தைத் தொட்டு, அதற்கு மேல் திருக இடமில்லாமல் நின்றுவிட்டது. அப்படியும் மேல் கம்பி இரண்டும் கம்பளிக்குள் பொதிந்து வைத்து மீட்டுகிற மாதிரியே கேட்டன.

ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தான். கம்பிகளை மாற்றினான். வயரை மாற்றினான். கிட்டாரைத் திறந்து உள்ளே ஈயப் பற்று எங்காவது விட்டுப் போயிருக்கிறதா என்று தேடினான். கடைசியில் ஆம்ப்பின் பின்பலகையைக் கழற்றியபோது கிடைத்தது விடை. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில், விளிம்போரமாக, சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு கீறல்.

"இந்தா இருக்கு. வந்து பாரு," என்று மனைவியைக் கூப்பிட்டான்.

மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த கிருஷாந்தி எட்டிப் பார்த்தாள். "இத்துனூண்டு கீறலையா இம்புட்டு நாளா தேடுனீங்க?"

"சொத்தப் பல்லுல ஓட்டையும் இத்துனூண்டுதான். வலி எவ்வளவு?"

"அது சரி. பல்லப் புடுங்கிறதுன்னா சீக்கிரம் புடுங்குங்க. சனிக்கெழமைக்கு இன்னும் அஞ்சு நாளுதான்."

சனிக்கிழமைதான் எல்லாம். கந்தப்பளையில் கீபோர்ட் வாசிக்கும் கிஷாந்துக்கு நுவரெலியாவில் ஏரிப் பக்கமாக உள்ள ஒரு ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஏப்ரல் சீசன் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மூன்று பேர் வாசிக்க வேண்டும். பிடித்துப் போனால் வருஷம் பூராவும். கீபோர்டுக்குத் தான், ட்ரம்ஸுக்குத் தனுஷன், கிட்டாருக்கு நிரோஷன் அண்ணன் என்று கிஷாந்த் பெயர் கொடுத்திருந்தான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெனேஜர் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அவர் சரியென்றால், இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்யும் ஸ்டோரிலிருந்து நிரோஷன் வெளியே வந்துவிடலாம்.

ஸ்டோரு என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. ராகலைப் பக்கத்து அந்தத் தோட்டத்து ஸ்டோரில் அவனுக்கு ரோலர் அறையில் வேலை. வாடிய கொழுந்தை உருட்டி நசுக்கும் ஐந்து ரோலர்கள் அங்கே ஒரே நேரத்தில் சுற்றும். பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அந்த அறை ஆட்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. இரண்டு விரலை உதறினால் ஈரம் கூடிவிட்டது. மற்றதெல்லாம் உதட்டசைவு. இருபதடி தூரத்தில் ஒருவன் தன் மாமியாரைத் திட்டுவதை இவன் இங்கிருந்து வாசித்துச் சிரிப்பான்.

காதுக்கு மாட்டும் கவசங்கள் சில வருஷங்களுக்கு முன் வந்திறங்கின. மாட்டச் சொல்லி, தேயிலை பதப்படுத்தலுக்குப் பொறுப்பான டீமேக்கர் சத்தம் போட்டார். ஒருவரும் மாட்டவில்லை. மாட்டினால் ரோலரின் சத்தம் மாறுவது தெரியாது. கொழுந்து சரியாக உருளும்போது ஒரு சத்தம், ஈரம் கூடினால் இன்னொன்று, பாரம் கூடினால் வேறொன்று. கையை வைத்துப் பார்க்காமல், சத்தத்தை வைத்தே சொல்கிறவன்தான் அங்கே வேலை தெரிந்தவன். அந்த அறையில் நிரோஷனின் காதுதான் முதல் காது என்று டீமேக்கரே சொல்லியிருக்கிறார். கவசங்கள் சுவரில் ஆணியில் தொங்கித் தேயிலைத் தூசி படிந்தன.

அந்தக் காதால்தான் அவன் கிட்டாரும் படித்தான். பதினேழு வயதில், கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு குழுவின் கிட்டார்காரரை மேடைக்குக் கீழே நின்று பார்த்து, வீட்டுக்கு வரும்வரை விரல்களை அதே மாதிரி மடக்கி வைத்திருந்தான். மற்றதெல்லாம் ரேடியோவிலிருந்து கேட்டுக் கேட்டுத் தேடிப் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை ஆம்ப்பை ஒரு சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி, நுவரெலியா டவுனில், அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் பைஸரின் கடைக்குக் கொண்டு போனான். ரேடியோ, டீவி, கோயில் ஒலிபெருக்கிச் செட்டுகள் எல்லாம் அங்கேதான் பழுது பார்க்கப்படும். பைஸர் பழைய ஸ்பீக்கரைக் கழற்றி மேசையில் கவிழ்த்தார். இரண்டு பெருவிரலால் கூம்பை மெதுவாக அமுக்கி, உள்ளே கம்பிச்சுருள் உரசுகிறதா என்று குனிந்து கேட்டார்.

"இது நல்லாத்தானே ஈக்கி தம்பி. ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சீக்கி. கம் பூசித் தாரேன், இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"இல்ல நானா. மேல சத்தமே வரல. செத்துப் போச்சு."

"செத்ததுண்டு நான் சொல்லணும். இங்க டாக்டர் நான்தானே?"

"நோய் என்னோடது நானா. எனக்குத்தான் தெரியும்."

பைஸர் சிரித்துவிட்டு மூன்று ஸ்பீக்கர்களை எடுத்து வைத்தார். ஒன்று, வேறொரு கிட்டார் ஆம்ப்பிலிருந்து கழற்றிய பழையது, மண்ணிறக் கூம்பு. அடுத்தது அடிச்சத்தத்துக்கு என்று கார்களில் வைப்பது. மூன்றாவது புத்தம் புதியது. திருவிழாச் செட்டுக்காரர்கள் வாங்குவது. பெரிய கூம்பின் நடுவில் கூரிய சத்தத்துக்கென்று சின்னதாக இன்னொரு கூம்பு ஒட்டியிருந்தது.

நிரோஷன் கேட்டுப் பார்த்த முறையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எதை மாட்டுகிறேன் என்று சொல்ல வேண்டாம் என்று பைஸரிடம் கேட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். மூன்றுக்கும் அதே திருகுகள் அதே இடத்தில், ட்ரெபிள் பத்தில். அதே ஸ்வரக்கட்டு, அதே விரல் அழுத்தம், மேல் கம்பியில் அதே நாலு ஸ்வரம். முதலாவது மங்கல். இரண்டாவது அதைவிட மங்கல். மூன்றாவதை மீட்டியதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கம்பியில் நகம் படுவது வரைக்கும் கேட்டது. ஐந்து வருஷத்துக்கு முந்திய அவனுடைய கிட்டார் திரும்பி வந்திருந்தது.

"இது. இதுதான் நானா."

பைஸர் முகத்தைச் சுளித்திருந்தார். டோர்ச் வாங்க வந்த ஒருவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பல்லுக் கூசுது. அது அறிவித்தல் குடுக்கிற சாமான். மொத போட்டது கிட்டாருக்கே உள்ளது. அத எடுங்க."

"நீங்க கோயில் செட்டு கேட்டுக் கேட்டு காதக் கெடுத்துக்கிட்டீங்க நானா. கிட்டார் சத்தம் இப்படித்தான் இருக்கணும்."

பைஸர் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆம்ப்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரின் இரும்புச் சட்டம் தனக்கு வேறு கூம்பு போட உதவும், தருகிறீர்களா என்று கேட்டார். நிரோஷன் தலையசைத்தான். அவர் பிளேடை எடுத்து விளிம்பைச் சுற்றி ஒரே இழுப்பில் வெட்டி, கூம்பைக் கசக்கிக் குப்பைப் பெட்டியில் போட்டார். நிரோஷன் அதற்குள் புதியதன் திருகாணிகளை முடுக்க ஆரம்பித்திருந்தான்.

வீட்டில் வாசித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுக் காம்பராவில் தூங்கிய குழந்தை வீரிட்டு அழுதது. கிருஷாந்தி வந்து கதவருகே நின்று ஏதோ சொன்னாள். அவன் வாசித்துக்கொண்டே இருந்தான். அவள் முன்னால் வந்து தோளைத் தட்டினாள்.

"மூணு வாட்டி கூப்பிட்டேன்."

"வாசிக்கையில எப்படிக் கேக்கும்?"

"வாசிக்காட்டியும் அப்படித்தான். டீவிய நீங்க போட்டா கீழ் லயம் வரைக்கும் செய்தி கேக்குது." பிறகு ஆம்ப்பைப் பார்த்தாள். "காதக் குத்துதுங்க இது."

"அதான் தெளிவு," என்றான்.

சனிக்கிழமை ஹோட்டல் மண்டபத்தில் மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடும் மெனேஜர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிஷாந்த் தலையசைக்க, மூவரும் தொடங்கினார்கள். நாலு அடி முடிவதற்குள் துணி விரித்த பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்தாள். மெனேஜர் கையை உயர்த்தினார். சத்தம் பரவாயில்லை, அந்தக் கிட்டாரின் கூர்மையைக் குறையுங்கள், சாப்பிடுகிறவர்களுக்குத் தலைவலி வரும் என்று சிங்களத்தில் சொன்னார்.

நிரோஷன் அசைவதற்கு முன் கிஷாந்த் குனிந்து திருகைத் திருப்பினான். பத்திலிருந்து இரண்டுக்கு.

"இப்ப வாசிங்கண்ணே."

வாசித்தான். கிட்டார் இல்லை. விரலுக்கு அடியில் கம்பிகள் இருந்தன. அடிக்கம்பியின் உறுமல் எங்கோ இருந்தது. மேலே அவன் மீட்டியதெல்லாம் விரலிலேயே நின்றுவிட்டது.

"வருதா?" என்று தனுஷனைக் கேட்டான்.

"நல்லா வருதுண்ணே. இப்பதான் கேக்க நல்லாருக்கு."

அவன் இன்னும் அழுத்தி மீட்டினான். தன் ஸ்வரம் எங்கே விழுகிறதென்று தெரியாமல் தனுஷனின் குச்சியைப் பார்த்துத் தாளம் பிடித்தான். ஒரு இடத்தில் அரை அடி முந்தினான். அதைச் சரிக்கட்டப் போய், அடுத்த இடத்தில் முழுசாகப் பிந்தினான். கிஷாந்த் பாட்டை நிறுத்தினான். கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தான்.

"இது கேக்குதாண்ணே?"

"கேக்குது."

அவன் விரல் வலப் பக்கமாக நகர்ந்தது. "இது?" கேட்டது. "இது?" மெல்லிசாகக் கேட்டது. விரல் மேலும் நகர்ந்து கடைசிப் பக்கத்துக் கட்டை ஒன்றில் நின்றது. நிரோஷன் காத்திருந்தான்.

"அமுக்கு," என்றான்.

"அமுக்கித்தான்ணே இருக்கேன்."

தனுஷன் முகத்தைச் சுளித்துத் தோளைக் காதுப் பக்கம் உயர்த்தியிருந்தான். பைஸர் கடையில் டோர்ச் வாங்க வந்தவர் நின்ற மாதிரியே.

நிரோஷன் தன் ஆம்ப்பைப் பார்த்தான். ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து. அந்தத் திருகு இரண்டு வருஷமாக அளந்து காட்டிக்கொண்டிருந்தது ஸ்பீக்கரை அல்ல.

கிஷாந்த் தனுஷனை மண்டபத்தின் அந்தக் கோடிக்கு, ஜன்னலோரமாகக் கூட்டிக்கொண்டு போனான். நாற்பது அடி இருக்கும். குரலைத் தாழ்த்தி, அண்ணனுக்குக் கேட்கக் கூடாதென்று கவனமாகப் பேசினான். ஆனால் ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. நிரோஷன் ரோலர் அறையில் வாசிப்பது போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். அண்ணனுக்குக் காது போயிருச்சுடா. பாவம், அவருக்கே தெரியல. எப்படிச் சொல்றது. ராகலையில நம்ம ஸஜ்ஜாத் சும்மாதான் இருக்கான், அவனக் கேப்பமா.

கிஷாந்த் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான். "அண்ணே, அது வந்து..."

"ஸஜ்ஜாத் நல்லா வாசிப்பான்," என்றான் நிரோஷன். "அவனுக்கு ஆம்ப் இருக்கா?"

கிஷாந்த் திரும்பி ஜன்னல் இருக்கும் தூரத்தைப் பார்த்தான். நிரோஷன் வயரைச் சுருட்டி, ஆம்ப்பைச் சாக்கில் கட்டினான்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் பைஸர் கடை. மண்ணிற ஸ்பீக்கர் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் இருந்தது. அதை வாங்கி மாட்டலாம். கேட்பவர்களுக்கு நன்றாக இருக்கும். இதையே வைத்துக்கொள்ளலாம், அவனுக்குக் கேட்கும், மற்றவர்களுக்குக் காது குத்தும். இரண்டுக்கும் பொதுவான ஸ்பீக்கர் எந்தக் கடையிலும் இருக்காது. அவன் உள்ளே போகவில்லை.

ஞாயிறு மத்தியானம் கிருஷாந்தியைக் கூப்பிட்டு ஆம்ப்புக்கு முன்னால் உட்கார வைத்தான்.

"நான் வாசிக்கிறேன். நீ இதத் திருப்பு. எங்க நல்லாருக்கோ அங்க நிறுத்து."

"எனக்கென்ன தெரியும் இதப் பத்தி?"

"ஒனக்குக் கேக்குதுல்ல. அது போதும்."

அவள் திருப்பினாள். ஆறில் அவனுக்கு நகத்தின் சத்தம் போனது. நாலில் மேல் கம்பிகள் போயின. அவள் இன்னும் திருப்பினாள். இரண்டரையில் கையை எடுத்தாள். நிரோஷன் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, கல்யாண வீடுகளில் எத்தனையோ தரம் வாசித்த ஒரு பாட்டை அவளைப் பார்த்துக்கொண்டே முழுக்க வாசித்து முடித்தான். விரல்கள் போக வேண்டிய இடத்துக்குப் போயின. அவை போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்ததென்று அவனுக்குத் தெரியவில்லை.

நல்லாருக்கு, என்று அவள் உதடு அசைந்தது. அதை எந்தக் குரலில் சொன்னாள் என்பதை உதட்டில் வாசிக்க முடியாது.

திங்கட்கிழமை காலை அவன் ரோலர் அறைக்குள் போனான். ஐந்தும் சுற்றத் தொடங்கின. ஆணியில் தொங்கிய கவசத்தை எடுத்துத் தூசி தட்டிக் காதில் மாட்டினான். மூன்றாவது ரோலரடியில் நின்ற ஆள் அதைப் பார்த்துச் சிரித்து, "என்னப்பா, மழ வரப்போவுதா?" என்று உதட்டால் கேட்டான். சற்று நேரத்தில் டீமேக்கர் வந்து, ஈரம் எப்படி என்று கையால் கேட்டார். நிரோஷனால் சொல்ல முடியவில்லை. கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ரோலரின் பக்கம் காதைச் சாய்த்தான்.