டீச்சரிடம் மிஞ்சிய ஒரு சொல்

அவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர் வீட்டுக்காரர்'தான். மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்ததோடு, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய அட்வென்ட் வாரங்களில் தங்கள் வீட்டு முன்னறையில் வேத தியானமும் நடத்திவந்தார். சபையார் நெருக்கியடித்து உட்காருவார்கள். இவர் கதவோரம் சாய்ந்து, பட்டறைக் களைப்பில் தூங்கி விழுவார்.

"பாருங்க, நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுற ஒரே ஆளு!" என்று டீச்சர் சொல்ல, அறையே சிரிக்கும்.

ஒரு வருஷம் டீச்சருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போயிற்று. "இல்ல" என்ற ஒரே சொல் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் இல்ல, பிடித்தாலும் இல்ல. மனதில் நினைப்பது ஒன்று, வாயில் வருவது இது என்று டாக்டர் விளக்கினார். பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார்.

அட்வென்ட் நெருங்கியதும் சபைப் போதகர் வந்தார்.

"இந்த வருஷம் எதிர்வீட்டு நர்ஸம்மா வீட்ல வச்சுக்கலாமாண்ணே?"

கட்டிலிலிருந்து டீச்சர், "இல்ல!" என்றார். ஆமாம் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இங்கயே வைங்க பாஸ்டர். நான் வாசிக்கிறேன்."



முதல் கூட்டத்துக்குப் போதகர் குறித்துக் கொடுத்தது சகரியாவின் கதை. தேவதூதன் சொன்னதை நம்பாமல் பேச்சிழந்து, பிள்ளை பிறந்த பிறகு நாவு கட்டவிழ்ந்த கிழவர் அவர். டீச்சரின் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கணவர் வரிக்கு அடியில் விரலை வைத்துத் தடுமாறித் தடுமாறி வாசித்தார். கிழவர் ஊமையாகும் இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"இவ எதை நம்பாம போனா, பாஸ்டர்? கதவோரம் தூங்குனவன் நான். வாய் போறதா இருந்தா எனக்குல்ல போயிருக்கணும்?"

டீச்சர் இடது கையால் கட்டிலைத் தட்டினார். "இல்ல. இல்ல."

"தண்ணி வேணுமா டீச்சர்?" என்றார் நர்ஸம்மா.

"இல்ல."

"ஃபேனை நிறுத்தவா? தலகாணிய நகத்தவா?"

"இல்ல! இல்ல!"

கடைசியில் டீச்சர் அழுதுவிட்டார். போதகர் ஜெபத்தோடு முடித்துக்கொண்டார். வந்தவர்கள் செருப்பைத் தேடி, சத்தமில்லாமல் வெளியேறினார்கள்.

கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நான் கேட்டதுக்குத்தான் பதில் சொன்னியா? இல்ல, படிச்சதே தப்பா? கூட்டமே வேண்டாமா?"

எல்லாவற்றுக்கும் அதே சொல். கடைசியில் டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கணவர் சமையலறைக்குப் போய், பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றார்.

"ஆண்டவரே, இரும்புன்னா ஒட்டவச்சிருவேன். இதுல எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அடுத்த வாரம் பாதிப்பேர் வரவில்லை. கடைசி வாரம் போதகரும் நர்ஸம்மாவும் மட்டுமே. கணவர் வாசித்தார். டீச்சர் "இல்ல" என்றபோதெல்லாம் நிறுத்தி, மனைவியின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்து, மறுபடி தொடர்ந்தார். கிறிஸ்து பிறப்பு வந்தது, போனது. பேச்சு மட்டும் வரவில்லை.

அதன் பிறகும் தினமும் காலையில் அவர் வேதத்தை எடுத்து உட்கார்ந்தார். சில நாள் டீச்சரின் இடது கை அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும். சில நாள் புத்தகத்தைத் தள்ளிவிடும். முதல் கூட்டத்தன்று சொல்லவந்தது என்ன என்று டீச்சர் உயிரோடு இருந்தவரை அவருக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் நர்ஸம்மா ஒருமுறை கேட்டார்: "ஏண்ணே, இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு வாசிக்கிறீங்க?"

"வேற என்ன செய்றதுன்னு எனக்குத் தெரியலம்மா."

வாசித்து முடித்ததும் மனைவியின் வாயைத் துடைத்துவிட்டு, பட்டறையைத் திறக்கப் போவார்.